இரண்டு நூல் வித்தியாசம்

குணசேகரனிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எந்த வண்டியைப் பார்த்தாலும் அதன் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்ப்பான். கல்யாணத்துக்குப் பூ சுற்றி நிற்கிற காராகவே இருக்கட்டும், பின்னால் போய்க் குந்தி ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "லெப்டு மட்கார்டு தூக்கிகினு கீது" என்று சொல்லிவிட்டுத்தான் நகருவான். மாப்பிள்ளை வீட்டார் முறைத்தால் முறைத்துக்கொள்ளட்டும், அவனுக்கென்ன.

திருவொற்றியூரில், கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் பின்பக்கம் அவனுடைய டிங்கர் ஷெட். காத்திவாக்கத்து மீன்காரர்களிடம் வாங்கிய நைலான் நரம்பை வண்டியின் நட்ட நடுவில், மூக்கிலிருந்து வால் வரை இழுத்துக் கட்டுவான். அந்த நரம்பிலிருந்து இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று அளப்பான். ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம் வித்தியாசம் இருந்தாலும் சுத்தியலைக் கீழே வைக்க மாட்டான். லாரியில் மோதி அப்பளமாக வந்த வண்டி அவனிடமிருந்து போகும்போது அடிபட்ட பக்கம் எது என்று சொந்தக்காரனுக்கே தெரியாது. அந்தப் பெயரை வைத்துத்தான் இருபது வருஷமாகப் பிழைப்பு.

அவன் தட்டுவான், அவன் மனைவி பூவம்மா தேய்ப்பாள். இரண்டு பேரும் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு வீட்டிலிருந்து காலையில் பஸ் பிடித்து ஒன்றாக வருவார்கள். தண்ணீரில் நனைத்த உப்புத்தாளால் அவள் தகட்டைத் தேய்க்கும்போது கண் எங்கேயோ இருக்கும், வாய் எதையாவது பேசிக்கொண்டிருக்கும், உள்ளங்கை மட்டும் தகட்டை விட்டு நகராது. கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அந்தக் கைக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட ஷெட்டுக்குத்தான் 2002 மார்ச்சில் ராமசெல்வி அந்த வண்டியைக் கொண்டுவந்தாள்.

ராமசெல்விக்குத் தூத்துக்குடிப் பக்கம். ராயபுரத்தில் விசைப்படகுகளுக்குக் கயிறும் கப்பியும் மொத்தமாக விற்கிற கடை. நாற்பத்தைந்து வயது, கடையில் அவள் சொல்தான் சொல். மற்ற பெண்கள் புடவைக்கடையில் நிற்பதைப் போல அவள் பழைய கார்களின் முன்னால் நிற்பாள். எண்ணூரில் ஒரு பழைய பங்களாவைக் காலி செய்கிறார்கள், கப்பல் கயிறு கிடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனவள், கயிற்றை மறந்துவிட்டுத் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்த இதை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

லாரியிலிருந்து இறக்கியபோது டயர் இல்லை, கண்ணாடி இல்லை, டிக்கிக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. குணசேகரன் வண்டியைச் சுற்றி வந்தான். மறுபடியும் சுற்றினான். இரண்டே கதவு. அவன் இடுப்புக்கு மேல் எழாத உயரம். முன்விளக்கில் தொடங்குகிற ஒரு கோடு கதவின் மேல் ஓடி, பின்சக்கரத்துக்கு மேல் மெதுவாக ஏறி, அங்கிருந்து ஒரு மூச்சு விட்டாற்போல் இறங்கி வால் விளக்கில் போய் முடிந்தது. எங்கேயும் ஒரு மடிப்பு இல்லை, ஓர் ஒட்டு இல்லை. அந்தத் தகட்டை எந்த மிஷினும் அமுக்கியிருக்க முடியாது, மனுஷன் கையால் தட்டியிருக்கிறான். அவ்வளவு துருவுக்கு நடுவிலும் அந்தக் கோடு அவனைப் பார்த்துச் சிரித்தது.

"இன்னா வண்டி மேடம் இது?"

"இத்தாலிக்காரன் வண்டிண்ணே. கர்லெட்டின்னு ஒரு சின்னப் பட்டறை. பியட் காரோட அடிப்பாகத்த வாங்கி, மேல இந்த உடம்ப அவங்களே கையால தட்டி வச்சிருக்காங்க. அம்பத்தாறாம் வருசம். மொத்தமே பதினெட்டு வண்டிதான் செஞ்சாங்களாம். இப்ப உலகத்துல மிச்சம் இருக்கது நாலு. இது அஞ்சாவது."

எஞ்சின் வேலைக்கு வந்த தாவூது பானட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "மாமு, இன்னா பெரிய இத்தாலி! உள்ள கீறது நம்ம பத்மினியோட அண்ணன்பா. கண்ண கட்டிகினு பிரிச்சி மாட்டுவேன்."

அவன் சொன்னது உண்மைதான். அதே எஞ்சின்தான் பிற்பாடு நம் ஊர் பத்மினி டாக்ஸிகளில் ஓடியது. ஆனால் அந்த உண்மையே ராமசெல்விக்குத் தலைவலியாகி விட்டிருந்தது. பழைய கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அங்கே ஒரு பெரிய மனுஷர், நாலு பேர் முன்னால், "கயிற்றுக்கடை அம்மா பத்மினிக்குக் கோட்டு சூட்டு தைத்துப் போட்டு இத்தாலி என்கிறார்கள்" என்று சொல்ல, எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். எஞ்சின் நம்பரைக் காட்டினாள். நம்பரை யார் வேண்டுமானாலும் வெட்டலாம் என்றார்கள். பணம் சேர்ந்தால் சிலருக்கு நாக்கும் சேர்ந்து நீளும்போல.

வண்டி அசல் என்று சொல்லக்கூடியவர் உலகத்தில் ஒருவர்தான். பெர்னார்தி என்று எழுபது வயதுப் பெரியவர், இத்தாலியில் அந்தப் பட்டறையின் பழைய தஸ்தாவேஜுகளை வைத்திருக்கிறவர். அவர் நவம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னை வழியாகப் போகிறார், இரண்டு மணி நேரம் ஒதுக்கி வந்து பார்ப்பார். ஆமென்றால் அவருடைய பதிவேட்டில் ஐந்தாவது வண்டியாக ஏறும். இல்லையென்றால் ராமசெல்வி சாகும்வரை அந்தக் கோட்டு சூட்டுப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

"உங்கள நம்பித்தாண்ணே இருக்கேன்" என்றாள்.

"ஒரு நூலு வித்தியாசம் வராது மேடம்" என்றான் குணசேகரன். வாக்குக் கொடுத்துவிட்டான்.

எட்டு மாதம் அந்த வண்டியோடு வாழ்ந்தான். பட்டி வைத்துப் பூசி மறைக்கிற வேலையே கிடையாது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டான். ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி, அதே கனத்தில் தகடு பற்ற வைத்து, சுத்தியலால் நீவி நீவி எடுத்தான். இடது பக்கம் முழுக்க முடிந்தது. பழைய பெயிண்டைச் சுரண்டிவிட்டு வலது பின் மட்கார்டுக்கு வந்தபோது நைலான் நரம்பைக் கட்டி அளந்தான். வலது இடுப்பு இடதை விட இரண்டு நூல் தாழ்ந்திருந்தது.

"பார்த்தியா பூவு, எவனோ இத்த இடிச்சி ரிப்பேரு பண்ணிக்கிறான். சுத்தியல் அடி பாரு, தலகீழா சாஞ்சிகினு கீது. கத்துக்குட்டிப் பய, எம்மாம் ஷோக்கான வண்டிய கலீஜ் பண்ணி வெச்சிக்கிறான்."

பூவம்மா தேய்த்துக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தாள். இடது மட்கார்டின் மேல் ஒரு கையும் வலது மட்கார்டின் மேல் ஒரு கையும் வைத்தாள். வண்டி அகலத்துக்குக் கைகளை விரித்துக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"கத்துக்குட்டி இல்லய்யா. இந்தப் பக்கம் ஒர்த்தன், அந்தப் பக்கம் வேற ஒர்த்தன். ரெண்டு பேருமே கைகாரனுங்கதான்."

"தோடா! இன்னா கைரேகை ஜோசியமா பாக்குற? அசல் வண்டி எங்கனா ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் எறங்கி இருக்குமா?"

"உன் மூஞ்சியில ரெண்டு கண்ணும் ஒரே மாதிரியா கீது?"

அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தகட்டை நெருப்பில் காட்டி, ஈயத்தை உருக்கி ஏற்றி, மரக்கட்டையால் தடவி, அரத்தால் இழைத்து, வலது இடுப்பை இரண்டு நூல் உயர்த்தினான். பதினோரு நாள் ஆயிற்று. நரம்பைக் கட்டி அளந்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அச்சு அசல் ஒன்று. குஷியில் தாவூதைக் கூப்பிட்டு பிரியாணி வாங்கிக் கொடுத்தான். அப்புறம் நாவற்பழ நிறத்தில் பெயிண்ட் ஏறியது, பூவம்மா தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினாள். போகிற வருகிற லாரி டிரைவர்களெல்லாம் வண்டியை நிறுத்திவிட்டு வந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

பெரியவர் வரவேண்டிய ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை ராமசெல்வி ஆட்டோவில் வந்து இறங்கினாள். கையில் ஒரு பேக்ஸ் காகிதம். முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, பெர்னார்தி அனுப்பியிருக்காரு. ஒவ்வொரு வண்டிக்கும் பட்டறையில ஒரு அளவு அட்டை எழுதி வச்சிருப்பாங்களாம். நம்ம வண்டியோடது இது, பதினோராம் நம்பரு. வந்ததும் இத வச்சித்தான் அளப்பாராம். அளவு ஒத்துப்போச்சுன்னா ஒரு பய வாயத் தொறக்க முடியாதுல்லா? எதுக்கும் ஒருக்கா நீங்களும் அளந்து வச்சிருங்க. கடையில லோடு நிக்கி, வாரேன்."

அவள் போன பிறகு குணசேகரன் காகிதத்தை பானட்டின் மேல் விரித்தான். வண்டியின் படம் கோடு கோடாக இருந்தது. இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியாக எண்கள். எந்த மொழியானால் என்ன, மில்லிமீட்டர் மில்லிமீட்டர்தானே. விரலை வைத்துக்கொண்டே வந்தவன் பின் மட்கார்டுக்கு வந்ததும் நின்றான். இடது எண்ணை விட வலது எண் ஆறு மில்லிமீட்டர் குறைவு. ஆறு மில்லி என்றால் இரண்டு நூல்.

அடியில் இரண்டு கையெழுத்து. யாரோ இங்கிலீஷில் பக்கத்தில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தான். இடது, ஆல்தோ. வலது, பியெரோ.

இடிபடவே இல்லை. ரிப்பேரே இல்லை. நாற்பத்தாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மனுஷன் பிறக்க வைத்த இடுப்பு அது. அதன் மேல் அவன் ஈயத்தை அப்பி, போதாக்குறைக்கு அந்த மனுஷனைக் கத்துக்குட்டி என்று வேறு சொல்லியிருந்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பூவம்மாவிடம் காகிதத்தைக் காட்டினான். அவள் படிக்கவில்லை, அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"சொம்மா வுடு பூவு" என்றான், குரலைத் தாழ்த்தி. "ரெண்டு நூலுதானே. பெர்சு கண்ணுக்குத் தெரியவா போவுது? ஒண்ணும் பேசாத."

"ரெண்டு நூலு உன் கண்ணுக்குத் தெரிஞ்சிச்சில்ல?"

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். எடுத்தான். மறுபடியும் வைத்தான்.

"அந்தம்மாவ எல்லாரும் டூப்பு வண்டிக்காரின்னு சிரிச்சானுங்க" என்றாள் பூவம்மா. "இப்ப அளந்து பார்த்து இது டூப்புன்னு அந்தப் பெர்சும் சொல்லப் போறாரு. யாரால? உன்னால. ஒயுங்கா போய்ச் சொல்லிட்டு வா."

ராயபுரத்துக்கு பஸ் ஏறினான். கயிற்றுக் கட்டுகளுக்கு நடுவே ராமசெல்வி ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும், "என்னண்ணே, அளந்தாச்சா?" என்றாள். அவன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். நரம்பு கட்டியது, ஈயம் ஏற்றியது, பூவம்மா சொல்லியும் கேட்காதது.

ராமசெல்வியின் முகம் சிவந்துவிட்டது. "என்ன காரியம்ணே செஞ்சு வச்சிருக்கீய! உங்களுக்கு நான் என்ன குறை வச்சேன்? ஒரு வார்த்த என்னயக் கேட்டுருக்கக் கூடாதா?"

"தப்புதான் மேடம். அத்தினி வருசமா எல்லா வண்டியயும் சமமா ஆக்கிப் பயக்கம். கை அதுபாட்டுக்குப் போயிடிச்சி."

"எடுக்க முடியுமா, முடியாதா? அதச் சொல்லுங்க."

"ஈயம்தான் மேடம், நெருப்பு காட்டுனா உருகிடும். அடியில அந்தாளு தட்டுன தகடு அப்டியே கீது, நான் அத்த தொடல. ஆனா பெயிண்டு போயிடும். இந்த மய ஈரத்துல புதுசா அடிச்சா வெள்ள பூத்துரும். ஞாயித்துக்கெயமைக்குள்ள ஆவாது."

அவள் வெளியே பார்த்தாள். துறைமுகத்துப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்புறம் சொன்னாள்: "பெயிண்ட் இல்லாட்டாப் போகட்டும். அம்மணமா நின்னாலும் என் வண்டி அசலா நிக்கணும். போய் எடுங்க."

வெள்ளிக்கிழமை காலை மழை தகரக் கூரையை உடைத்துவிடுகிறாற்போல் பெய்தது. குணசேகரன் நெருப்பை ஊதுகிற விளக்கைப் பற்ற வைத்தான், வைத்தவன் மட்கார்டின் முன்னால் போய் அப்படியே நின்றுவிட்டான்.

"என்னால முடியாது பூவு. ஈயத்த எடுக்க சொல்ல எங்கனா மேடு தெரிஞ்சா என் கை சொம்மா இருக்காது. தட்டி நேர் பண்ணிடும். நான் நெருப்பு காட்டுறேன். தொடைக்கிறது சொரண்டுறது எல்லாம் நீ பண்ணு. இந்தப் பக்கத்த இனிமேட்டு நான் தொட மாட்டேன்."

அவன் நெருப்பைக் காட்டக் காட்ட, ஈயம் பளபளத்து இளகியது. அவள் பழைய வேட்டித் துணியை மடித்து ஒரே வழியில் வழித்தெடுத்தாள். பதினோரு நாள் வேலை ஒரு காலையில் கீழே சொட்டி உறைந்தது. மிச்சத்தை அன்றைக்கும் மறுநாளும் கையாலேயே சுரண்டினாள், தேய்த்தாள். சனிக்கிழமை மதியம், ஒரு சாண் ஒரு சாணாக, பியெரோவின் தகடு வெளியே வந்தது. கடல் காற்று அதைத் தின்றுவிடக் கூடாதே என்று, தலைக்கு வைத்துக்கொள்கிற தேங்காயெண்ணெயை எடுத்து மட்கார்டு முழுக்கத் தடவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மழை விட்டிருந்தது. தேங்கிய தண்ணீருக்குப் பேன்ட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெர்னார்தி வந்தார். ஒல்லியான மனுஷர், கழுத்தில் கயிறு போட்ட கண்ணாடி. ராமசெல்வி பட்டுப்புடவையில் இருந்தாள், ஆனால் முகத்தில் ஈயாடவில்லை. தாவூது சாவியைத் திருகினான். எஞ்சின் ஒரே அழைப்பில் எழுந்து பூப்போல ஓடியது. பெரியவர் தலையாட்டினார். முன்பக்கம் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், இடது பக்கம் முழுக்கத் தடவிக்கொண்டே நடந்து பின்பக்கம் வந்தார். வந்தவர் நின்றார்.

நாவற்பழ நிறத்தில் மின்னுகிற வண்டியில் வலது இடுப்பு மட்டும் வெறும் இரும்பாக, எண்ணெய் மினுமினுக்க நின்றது. ராமசெல்வி இங்கிலீஷில் அவசர அவசரமாக மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். ஈரத் தரையில் முழங்காலைப் போட்டு உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தகட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தைக் கொண்டு போனார். சுத்தியல் அடிகள் லேசாகத் தெரிந்தன, ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. அவர் விரல் அவற்றின் மேல் போயிற்று. அளவு நாடாவை எடுத்து அளந்தார், அட்டையைப் பார்த்தார், மறுபடி அளந்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அவர் சொன்னதை ராமசெல்வி தமிழில் சொன்னாள், அவள் குரலும் சரியாக இல்லை. "பியெரோ இடக்கைக்காரராம்ணே. அதான் அடி இப்படிச் சாஞ்சிருக்காம். மத்த நாலு வண்டியையும் பாத்திருக்காராம். அதுல எல்லாம் பெயிண்டத்தான் பாத்தாராம். பியெரோவோட கைய இன்னைக்குத்தான் பாக்காராம்."

குணசேகரன் சுவரோடு சாய்ந்துகொண்டான். எட்டு மாதமாக அந்தக் கோட்டைப் பார்த்து வியந்தவனுக்கு அதைப் போட்டவனை அப்போதுதான் பார்த்தாற்போல் இருந்தது. கத்துக்குட்டியாம்! இடது கையில் சுத்தியலைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு வேலை பண்ணியிருக்கிறான் அந்த மகராசன். பார்க்கப் பார்க்க, இரண்டு நூல் தாழ்ந்த அந்த இடுப்பில்தான் வண்டிக்கே உயிர் இருப்பதாகப் பட்டது அவனுக்கு.

பெர்னார்தி பையிலிருந்து பதிவேட்டை எடுத்து பானட்டின் மேல் வைத்து எழுதினார். பதினோராம் நம்பர், சென்னை, ராமசெல்வி. கையெழுத்துப் போட்டார். ராமசெல்வி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் அவர் பேனாவைப் பிடித்தபடியே என்னவோ கேட்டார்.

"வேலை செஞ்சவங்க பேரும் போடணுமாம்ணே" என்றாள் ராமசெல்வி. "அந்தப் பட்டறை வழக்கப்படி, இடதுக்குத் தனி, வலதுக்குத் தனி. உங்க பேர ரெண்டுலயும் போட்டுறச் சொல்லவா?"

குணசேகரன் திரும்பிப் பார்த்தான். பூவம்மா ஷெட்டின் ஓரத்தில் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை மூடிக்கொண்டிருந்தாள்.

"இல்ல மேடம். லெப்டுக்கு குணசேகரன். ரைட்டுக்கு பூவம்மா" என்றான். "ஈயம் ஏத்தறதுக்கு மின்னாடியே சொன்னா மேடம் அவ, ரெண்டு பேரு தட்டுனதுன்னு. எனக்குத்தான் காதுல ஏறல. அதயும் அவராண்ட சொல்லுங்க."

ராமசெல்வி சொன்னாள். பெரியவர் எழுந்து பூவம்மாவிடம் போய்க் கையை நீட்டினார். அவள் எண்ணெய்க் கையைப் புடவையில் துடைக்கப் பார்த்தாள். அவர் விடவில்லை, அப்படியே பிடித்துக் குலுக்கினார். தாவூது கைதட்டினான், வெளியே நின்றிருந்த லாரிக்காரர்களும் எதற்கென்று தெரியாமலேயே தட்டினார்கள்.

அவர் கார் ஏறிப் போன பிறகுதான் ராமசெல்விக்கு மூச்சு சீரானது. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வெறும் இரும்பாக நின்ற இடத்தில் கையை வைத்தாள்.

"சரிண்ணே, மழ விட்டாச்சு. இதுக்குப் பெயிண்ட் எப்ப அடிக்கீய?"

"என்னாண்ட கேக்காதீங்க மேடம்" என்றான் குணசேகரன். "அது அவ பக்கம். அவளாண்ட கேளுங்க."